பழைய காரின் லோயர் ஆர்ம் புஷ்: ரப்பரா, பி.யு.வா, முழு ஆர்மா?

ரிவர்ஸ் எடுத்து பிரேக் மிதித்ததும் முன்பக்கம் அடியில் ஒரு ‘டக்’. பிறகு முன்னால் நகர்ந்து மறுபடி பிரேக் பிடித்தால் இன்னொரு ‘டக்’. இடையில் சத்தமே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய காரில் இந்த இரட்டைச் சத்தம் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது, சக்கரத்தைக் கீழே வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கையான லோயர் ஆர்மின் பின் புஷ்ஷை, அதாவது அந்த இணைப்பில் உள்ள ரப்பர் உருளையை. பட்டறைக்குப் போனால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஆர்மையே முழுசாக மாற்றிவிடு என்பார் ஒருவர். புஷ் மட்டும் பிரஸ்ஸில் அழுத்திப் போட்டால் போதும் என்பார் இன்னொருவர். பி.யு. (பாலியூரித்தேன், ரப்பரைவிடக் கெட்டியான பொருள்) போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை, சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் சல்லிசாகக் கிடைக்கும், லேத்தில் நைலான் கடைந்து தருகிறேன் என்றும் யோசனைகள் வரும்.

தினம் ஆபீசுக்கும் ஊருக்கும் போய்வரும் வீட்டுக் காருக்கு எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆர்மின் வெளிமுனையில் சக்கரத்தைப் பிடிக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தாலோ ஆர்ம் வளைந்திருந்தாலோ முழு ஆர்ம். இரண்டும் நன்றாக இருந்தால் நல்ல ரப்பர் புஷ் மட்டும். பி.யு. போட ஆசையிருந்தால், வளைவில் காரின் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் டி-புஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு ஆர்மோ ரப்பர் புஷ்ஷோ, எதைப் போட்டாலும், போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்பதுதான் புஷ் ஐந்து வருஷம் உழைக்குமா, ஆறு மாசத்தில் கிழியுமா என்பதைத் தீர்மானிக்கும்.

புஷ் கீல் அல்ல

புது லோயர் ஆர்ம் புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே தடித்த சிறு குழாய், நடுவே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு குழாய்களோடும் சூட்டில் வெந்து ஒட்டிக்கொண்டது. வெளிக்குழாய் ஆர்மின் ஓட்டைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். உள்குழாயை, சப்ஃப்ரேம் என்ற அடிச்சட்டத்தின் இரண்டு காதுகளுக்கு (நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளுக்கு) நடுவே போல்ட் நெருக்கிப் பிடித்திருக்கும். அதனால் வெளிக்குழாயும் வழுக்காது, உள்குழாயும் வழுக்காது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, மறுபடி தன் நிலைக்குத் திரும்புகிறது. கதவுக் கீல் சுழல்வதுபோல் இது சுழல்வதில்லை. இது ரப்பரால் செய்த ஒரு சின்ன ஸ்பிரிங். பின்னால் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

2005-இல் வந்த ஸ்விஃப்ட் முதல் இன்று ஓடும் பெரும்பாலான சின்ன கார்கள் வரை முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், கீழே எல் வடிவ லோயர் ஆர்ம். அந்த ஆர்மில் இரண்டு புஷ். முன்னால் இருப்பது சின்னது, சற்றே கெட்டியானது. வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசையை அது தாங்குகிறது. பின்னால் இருப்பது பெரியது, மெத்தென்றது. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் சக்கரம் விழும்போதும் வரும் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். பல கார்களில் இதன் ரப்பரில் பிறை வடிவ இடைவெளிகள் விட்டிருப்பார்கள். ஒரு திசையில் மெத்தென்றும் இன்னொரு திசையில் கெட்டியாகவும் இருக்கவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. ஹோண்டா கார்களில் இந்தப் பின் புஷ்ஷை கம்ப்ளையன்ஸ் புஷ் என்றே அழைப்பார்கள். முதலில் கிழிவது பெரும்பாலும் இதுவே.

சில கார்களில் பின் புஷ் படுக்கையாக இல்லாமல் நின்றவாக்கில் இருக்கும், போல்ட் மேலிருந்து கீழே இறங்கும். அங்கே சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்குவதில்லை, ஒரு பக்கமாகச் சாய்கிறது. பி.யு. போடலாமா என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

சத்தம் உண்மையிலேயே புஷ்ஷிலிருந்துதானா

ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் உடனே மாற்றவேண்டும் என்றில்லை. வெயிலும் காற்றும் பட்டு மேல்தோல் வெடிப்பது வயதான ரப்பரின் இயல்பு. பார்க்கவேண்டியது, வெடிப்பு எவ்வளவு ஆழம், ரப்பர் குழாயை விட்டு உரிந்திருக்கிறதா என்பதைத்தான். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே டயர் லிவரை விட்டு மெல்ல நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கி உடனே திரும்பினால் நல்லது. வெடிப்பு வாய் பிளந்து உள்ளே இரும்பு தெரிந்தால், அல்லது உள்குழாய் ஒரு பக்கம் சரிந்து ஓரமாகவே நின்றுவிட்டால், அதன் காலம் முடிந்தது. சில கார்களில் பின் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருக்கும். அதைச் சுற்றி கறுப்பாக ஈரம் கசிந்திருந்தால் நெம்பிப் பார்க்கவே தேவையில்லை.

புஷ் என்று நினைத்து லிங்க் ராடை (ஸ்டெபிலைசர் பாரின் முனையை இணைக்கும் சிறு கம்பி) விட்டுவிடுவதும், லிங்க் ராடு என்று நினைத்து ஆர்மை மாற்றுவதும் அன்றாடம் நடக்கிறது. சின்னச் சின்னக் குழிகளில் ‘கட கட’ என்று தொடர்ந்து தட்டினால் முதலில் லிங்க் ராடைப் பாருங்கள். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் விடை தெரிந்துவிடும். சத்தம் நின்றுவிட்டால் லிங்க் ராடு அல்லது டி-புஷ். தொடர்ந்தால் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் என்று அடுத்து தேடவேண்டும். இந்த நிலையில் வளைவில் கார் அதிகம் சாயும், மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சத்தமே இல்லாமலும் புஷ் போயிருக்கலாம். நெடுஞ்சாலையில் கார் அலைபாய்வது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, அலைன்மென்ட் செய்த சில வாரத்திலேயே ஸ்டீயரிங் மறுபடி கோணலாவது, இவையெல்லாம் அறிகுறிதான். கிழிந்த புஷ்ஷோடு செய்த அலைன்மென்ட் கார் அசையாமல் நிற்கும்போது மட்டும் சரியாக இருக்கும். பிரேக் மிதித்த கணத்தில் சக்கரம் பின்னால் நகர்ந்து டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும். அதனால் புது டயர் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்னால் புஷ் வேலையை முடித்துவிடுங்கள். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டப்போகிறவர்களும் இந்த வரிசையிலேயே செலவு செய்வது நல்லது.

முழு ஆர்மா, புஷ் மட்டுமா

இதில்தான் பணமும் யோசனையும் அதிகம் தேவை. புஷ்ஷின் விலை முழு ஆர்மின் விலையில் சிறு பங்குதான். ஆனால் புஷ் மட்டும் மாற்ற ஆர்மைக் கழற்றவேண்டும், பழையதை வெளியே தள்ளவேண்டும், புதியதை அழுத்தி ஏற்றவேண்டும், திரும்பவும் மாட்டவேண்டும். முழு ஆர்ம் என்றால் கழற்று, மாட்டு, அவ்வளவுதான். ஆக கூலியில் கூடுவது பிரஸ் வேலை மட்டும். அதோடு, பல சுசுகி கார்களில் பால் ஜாயின்ட் ஆர்மோடு ஒரே உறுப்பாகவே வரும். கம்பெனியில் பால் ஜாயின்டைத் தனியாகத் தரமாட்டார்கள். வெளிச்சந்தையில் தனியாக விற்கிறார்கள் என்றாலும், ஆர்மில் அது எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்பது ஆர்மின் ஓட்டையைப் பொறுத்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரே கீழ்மூட்டு அது, அதில் பரீட்சை வேண்டாம்.

எனவே முதலில் பால் ஜாயின்டைப் பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு, அடியில் நீண்ட லிவர் கொடுத்து மேலே தூக்குங்கள். ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும் பாகம்) நடுவே விரலை வைத்தால், சிறு ஆட்டமும் விரலுக்குத் தெரியும். மேலே உள்ள ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வற்றியிருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அடுத்த மழைக்காலத்தில் மணலும் தண்ணீரும் புகுந்து தேய்ந்துவிடும். அப்படியென்றால் புஷ்ஷுக்கு மட்டும் செலவு செய்வது வீண், ஆர்மையே மாற்றுங்கள். ஆர்ம் நேராக இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். கழற்றிய இடது, வலது ஆர்ம்களை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தால், பள்ளத்தில் விழுந்து வளைந்தது எது என்று கண்ணுக்கே தெரியும். வளைந்த ஆர்மை அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். அழுத்தித் தயாரித்த தகடு ஒருமுறை மடிந்து நிமிர்ந்தால், அந்த மடிப்பில்தான் அடுத்த விரிசல் தொடங்கும். ஏற்காதீர்கள்.

பால் ஜாயின்ட் கெட்டியாக இருக்கிறது, ஆர்ம் நேராக இருக்கிறது, அடியில் துரு தின்னவில்லை என்றால் புஷ் மட்டும் போடுவது முழுக்க நியாயமான வேலை. சொல்லப்போனால், கம்பெனியோடு வந்த ஆர்மை வைத்துக்கொண்டு நல்ல புஷ் போடுவது, பெயர் தெரியாத மலிவு ஆர்மை வாங்கி மாட்டுவதைவிட மேல். மலிவு ஆர்மில் முதலில் போவது அதன் புஷ்ஷும் பால் ஜாயின்டும்தான். தகடும் சில நேரம் மெல்லியது. ஆறு மாசத்தில் திரும்ப அதே பட்டறை, திரும்ப அதே கூலி. ஆர்ம் வாங்குவதென்றால் கம்பெனி உதிரிபாகம், இல்லையென்றால் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களிலேயே பெயர் எடுத்த தயாரிப்பாளரின் பெட்டி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான உதிரிபாகக் கடைத்தெருவில் இரண்டும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். பில் கேட்டு வாங்குங்கள்.

ரப்பர் புஷ்ஷைக் கையில் வாங்கும்போது நான்கைந்து நொடி செலவழித்துப் பாருங்கள். ரப்பர் குழாயோடு சேரும் விளிம்பை நகத்தால் நெம்பினால் எங்கும் பிரியக்கூடாது. ஒட்டாமல் வெறுமனே செருகி வைத்த ரப்பர் என்றால் விளிம்பு உடனே எழும்பும். உள்குழாயின் இரண்டு முனைகளிலும் பல் பல்லாக வெட்டியிருந்தால் அது காதுகளைக் கடித்துப் பிடிப்பதற்காக. அசல் புஷ்ஷில் பல் இருந்து, நீங்கள் வாங்கியதில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல வருஷம் அலமாரியில் கிடந்த பழைய சரக்கும் வேண்டாம். பெட்டி புதுசாக இருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும். நகத்தை அழுத்தினால் தடம் விழாமல் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் அது காய்ந்ததுதான்.

இடது, வலது இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிய கெட்டி ரப்பர், மறுபக்கம் தளர்ந்த பழைய ரப்பர் என்றால் பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே அளவு பின்னால் நகராது, கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பி.யு. எங்கே நல்லது, எங்கே கெடுதல்

பாலியூரித்தேன், பட்டறை வாயில் பி.யு. சிவப்பு, ஊதா, மஞ்சள், கறுப்பு என்று பல நிறத்தில் வரும். சில தயாரிப்பாளர்கள் நிறத்தை வைத்தே கெட்டித்தன்மையைப் பிரிக்கிறார்கள். நிறமும் கெட்டியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நிறத்தைக் கேட்காமல், கெட்டித்தன்மையைக் குறிக்கும் ஷோர் ஏ அளவைக் கேளுங்கள். இதன் நல்ல பக்கம் உண்மையானது. ரப்பரைவிட உருமாற்றம் குறைவு, ஸ்டீயரிங் திருப்பியதும் கார் உடனே திரும்பும், எஞ்சின் ஆயில் கசிந்து பட்டாலும் ரப்பர் போல ஊதிப்போகாது. பிரஸ் இல்லாமல், வைஸில் வைத்தே ஏற்றிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

ஆனால் வேலை செய்யும் விதம் அடியோடு வேறு. பி.யு. புஷ் எதோடும் ஒட்டியதல்ல. இரண்டு துண்டாக வந்து, உள்குழாயைச் சுற்றி வழுக்கிச் சுழல்கிறது. அதாவது ஸ்பிரிங்காக இருந்த இடத்தில் இப்போது ஒரு கீலைப் போடுகிறோம். கீல் ஒரே அச்சில் சுழலும் இடத்தில் நன்றாக இருக்கும். எல் வடிவ ஆர்மின் முன் புஷ் படுக்கையாக இருந்தால் பி.யு. ஓரளவு பொருந்தும். பின் புஷ் நின்றவாக்கில் இருந்தால், அது சாயவேண்டிய இடத்தில் பி.யு. சாய மறுக்கும். ஆர்ம் ஏறி இறங்குவது கனமாகி, அந்த விசை ஆர்மின் தகட்டுக்கும் சப்ஃப்ரேமின் காதுக்கும் போகும். பதினைந்து வருஷப் பழைய தகட்டில் விரிசல் விழுவது இப்படித்தான். பிறை வடிவ இடைவெளி விட்ட புஷ்ஷை நீக்கிவிட்டு முழுக் கட்டியான பி.யு.வைப் போட்டால், பள்ளத்தின் அடி அப்படியே ஸ்டீயரிங்குக்கும் தரைக்கும் வரும். நம் ஊர்ச் சாலையில் அதை ஒரு வாரம் ரசிக்கலாம், அதற்குமேல் வீட்டில் யாரும் காரில் ஏற விரும்பமாட்டார்கள்.

பராமரிப்பும் உண்டு. வழுக்குகிற எதற்கும் கிரீஸ் வேண்டும். கிட்டோடு வரும் பசைபோன்ற சிலிகான் கிரீஸை உள்துளை, இரண்டு முகப்பு என்று தாராளமாகப் பூசவேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ‘கீச் கீச்’ என்று கத்தத் தொடங்கினால் கழற்றி மறுபடி பூசவேண்டியிருக்கும். எந்த வகைப் பி.யு. என்பதும் முக்கியம். பாலியெஸ்டர் வகை ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்து உதிரும், பாலியீதர் வகை தண்ணீரைத் தாங்கும். கடலோர ஊர்களில் ஓடும் காருக்கு இதைக் கேட்காமல் வாங்கக்கூடாது. விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு பொறி, சில பி.யு. கிட்டுகள் பழைய புஷ்ஷின் வெளிக்குழாய் ஆர்மிலேயே இருக்கவேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. பிரஸ்ஸில் வைத்துப் பழையதை முழுசாகத் தள்ளிவிட்ட பிறகுதான் புதியது தொளதொளவென்று இருப்பது தெரியவரும். கழற்றுமுன்னே கிட்டின் தாளைப் படித்து, புதிய புஷ்ஷின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, ஆர்மின் ஓட்டையோடு ஒப்பிடுங்கள். உள்குழாய் பி.யு.வின் மொத்த நீளத்தைவிட துளியாவது நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குட்டையாக இருந்தால் போல்ட் குழாயைப் பிடிக்காமல் பி.யு.வை நசுக்கும், ஆர்ம் இறுகிவிடும்.

ஸ்டெபிலைசர் பாரின் டி-புஷ் விஷயம் வேறு. பார் அங்கே ஒரே அச்சில் சுழல்கிறது, சத்தமும் அதிர்வும் அங்கிருந்து உள்ளே வருவது குறைவு, கழற்றி மாட்டவும் பெரும்பாலான கார்களில் இரண்டு போல்ட்தான். பி.யு.வின் பலன் முழுசாகக் கிடைக்கும் இடம் இதுதான். பாரின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். ஒரே மாடலிலேயே வேரியன்டுக்கு வேரியன்ட் ஒரு மில்லிமீட்டர் மாறும், அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒன்று ஆட்டம் இருக்கும், இல்லையென்றால் பார் சுழலாது. அம்பாசடரின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் வரும் ஷேக்கிள் புஷ்ஷும் இதே ரகம்தான், அங்கேயும் பி.யு. போடலாம்.

பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் உள்ள கார்களில் பீமின் இரண்டு பெரிய புஷ் முன் புஷ்ஷைவிட நிதானமாகவே தேயும். மாற்றவேண்டி வந்தால் ரப்பர் மட்டுமே. வளைவில் பின்சக்கரம் தப்பான பக்கம் திரும்பாமல் இருக்கவே அந்த ரப்பரின் சாய்வையும் இடைவெளியையும் வடிவமைத்திருக்கிறார்கள்.

நைலானும் பழைய ஆர்மும்

லேத்தில் கடைந்த நைலான் புஷ் சீக்கிரம் தேயாது என்பது உண்மை. அது கொஞ்சமும் அமுங்காது என்பதால், தேயவேண்டிய வேலையை போல்ட்டும் காதும் செய்யும். போல்ட் மாற்றலாம், காது நீள்வட்டமாகத் தேய்ந்தால் சப்ஃப்ரேம் போகும். வேண்டாம்.

புதுப்பேட்டைப் பழைய ஆர்ம் உங்கள் ஆர்ம் வளைந்து, புதியது சந்தையில் கிடைக்காதபோது மட்டும். அதிலுள்ள புஷ்ஷும் உங்கள் காரின் வயசுதான். ஆகவே அதை வெறும் இரும்பாக மட்டும் கணக்கிட்டு, நேராக இருக்கிறதா, பால் ஜாயின்ட் கெட்டியா என்று பார்த்து, புதிய புஷ் போட்டே மாட்டவேண்டும்.

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு

1986-இல் வடிவம் மாறிய பிறகு வந்த மாருதி 800-இல் எல் வடிவ ஆர்ம் கிடையாது. நேரான ஒரு ஆர்ம், உள்முனையில் ஒரே புஷ். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் பாரின் முனைதான். அந்த முனை ஆர்மின் ஓட்டை வழியே நுழைந்து, இரண்டு பக்கமும் ரப்பரும் வாஷரும் வைத்து, பல் வெட்டிய காஸில் நட்டும், அது கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னுமாக நிற்கும். பிரேக்கின் முழு விசையும் இந்த ரப்பர் வழியாகத்தான் போகிறது. இதனால் 800-இல் ‘டக்’ சத்தத்துக்கும் பிரேக்கில் இழுப்பதற்கும் உள்முனை புஷ்ஷைவிட இந்தப் பார் முனை புஷ்தான் அடிக்கடி காரணமாகிறது. கழற்றாமலே, கீழே படுத்து, ஒருவரை பிரேக் மிதித்தபடி காரை முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னால் வாஷர் நகர்வது தெரியும்.

இங்கே கெட்டியான பி.யு.வோ நைலானோ போடவே கூடாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது பார் முனை அந்த ஓட்டைக்குள் கோணம் மாறியபடி இருக்கும். ரப்பர் அதற்கு விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காத புஷ் என்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பார் முனை மரை வெட்டிய இடத்தில் கொஞ்சம் வளைந்து நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது மாதிரி, ஒருநாள் மரையடியில் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் பின்னால் போய் மட்கார்டில் முட்டும், அது பிரேக் பிடிக்கும்போதே நடக்கும். வாஷர்களின் குழிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதுசு.

போடும் விதம்

கடலோரம் ஓடிய காரில் போல்ட் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். வேலைக்கு முதல்நாளே துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். நட் வந்து போல்ட் வராமல் புஷ்ஷோடு சேர்ந்து சுற்றினால், அடிக்க வேண்டாம். காதுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடு விட்டு போல்ட்டை வெட்டி எடுப்பதுதான் வழி, அதனால் புதிய போல்ட், நட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

காரைத் தூக்குவதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போதே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண் பிறகு தேவை.

ஆர்ம் வெளியே வந்ததும், பழைய புஷ்ஷின் பிறை இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறது, வெளிக்குழாய் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆர்மிலேயே ஊசிமுனையால் கோடு போடுங்கள். புதியது அதே கோட்டில் உட்காரவேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் மெத்தென்ற பக்கமும் கெட்டியான பக்கமும் இடம் மாறும். பிரஸ்ஸில் தள்ளும்போது வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழும்படி, சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டோ சாக்கெட்டோ வைக்கவேண்டும். நடுவிலோ ரப்பரிலோ அழுத்தினால் புது புஷ் ஏறும்போதே உள்ளே ஒட்டு விட்டுவிடும், வெளியே எதுவும் தெரியாது. ஆர்மின் மறுபக்கத்துக்கு நல்ல முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆர்மின் ஓட்டை விளிம்பு நசுங்கும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர் கையில் ஆர்மைக் கொடுக்காதீர்கள். பழைய ரப்பரை கேஸ் விளக்கில் எரித்து எடுப்பதும் வேண்டாம், புகை நச்சு, ஆர்மின் பெயின்டும் போய் அடுத்த வருஷம் துரு பிடிக்கும். வெளிக்குழாய் அசையவே இல்லையென்றால், ரப்பரை அறுத்து எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு குழாயில் மட்டும் ஒரு கீறல் போட்டால் இறுக்கம் விட்டு வந்துவிடும். ஆர்மின் இரும்பில் கீறல் விழாமல் நிறுத்தவேண்டும்.

ஓட்டையை எமெரி ஷீட்டால் துடைத்து, வெர்னியரில் நெட்டாகவும் குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது, அதில் போட்ட புஷ் நாளடைவில் வெளியே நடந்துவரும். அப்போது முழு ஆர்ம்தான். ஏற்றுவதற்கு சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ வைத்தால் ரப்பர் ஊதும், குழாயும் வழுக்கும். சர்வீஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடித்த பிறகு அடியில் டீசல் ஸ்ப்ரே செய்வதையும் இனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரும்பு பளபளக்கும், புஷ்ஷெல்லாம் மெல்ல மெல்லக் கெடும்.

இப்போது இறுக்குவது. பெரும்பாலான பட்டறைகளில் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். புஷ்ஷிலிருந்து பால் ஜாயின்ட் வரை ஆர்ம் 350 மி.மீ., சக்கரம் தன் இயல்பான நிலையிலிருந்து 100 மி.மீ. தொங்குகிறது என்றால், ஆர்மின் கோணம் 16 முதல் 17 பாகை கீழே இருக்கும். அந்த நிலையில் உள்குழாயை நெருக்கிப் பிடித்துவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் 16 பாகை முறுக்கிய நிலையில் நிற்கும். இராத்திரி ஷெட்டில் நிற்கும்போதும் அப்படியேதான். அதற்குமேல் சக்கரம் மேட்டில் ஏறினால் இன்னும் 15 பாகை வரை சேரும். ரப்பரும் இரும்பும் ஒட்டும் இடம் இதைத் தாங்காது. சில மாதங்களில் கிழிந்ததும் பழி புஷ்ஷின் தரத்தின்மேல் விழுகிறது.

சரியான முறை இதுதான். போல்ட்டுகளைக் கையால் மாட்டி, ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் திருகி நிறுத்துங்கள். பிறகு கார் பிட்டின் (ஆள் இறங்கி அடியில் வேலை செய்யும் குழி) மேலோ சாய்வு மேடையின் மேலோ தன் நான்கு சக்கரத்தில் நிற்கவேண்டும். முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அதன்பின் அடியில் போய், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். பிட் இல்லையென்றால், கார் ஸ்டாண்டில் உறுதியாக நிற்க, பால் ஜாயின்டுக்கு அடியில் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, முன்பு எழுதிவைத்த உயரம் வரும்வரை தூக்கி இறுக்கலாம். அப்போது கார் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்குகிறதா என்று ஒரு கண் வையுங்கள், எழும்பினால் உடனே நிறுத்தவேண்டும். எவ்வளவு டார்க் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணை மட்டும் எடுங்கள். போல்ட்டின் தண்டில் லேசாகக் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை துருப்பிடித்து ஒட்டாது. உள்குழாயின் இரண்டு முகப்பிலும் காதின் உட்பக்கத்திலும் மட்டும் கிரீஸ் படக்கூடாது, அங்கே இரும்பு இரும்பைக் கடித்துப் பிடிக்கவேண்டும். பி.யு. என்றால் இந்த உயரக் கணக்கு இல்லை, அது வழுக்குவதால் எந்த நிலையிலும் இறுக்கலாம். அதன் நல்ல குணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டறையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள் என்றால், ‘வண்டியை இறக்கிட்டு ஆர்ம் போல்ட்டை டைட் பண்ணுங்க’ என்ற ஒரு வரியை வேலைத்தாளிலேயே எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் அந்தப் பத்து நிமிஷம் கூடவே நில்லுங்கள். பிறகு அதே நாளில் அலைன்மென்ட். 1000 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒருமுறை சோதித்து, அலைன்மென்ட் தாளில் முதல் நாள் வந்த டோ எண்ணோடு அன்றைய எண்ணை ஒப்பிடுங்கள். நகர்ந்திருந்தால் புஷ் ஓட்டைக்குள் நகர்கிறது அல்லது இறுக்கம் போதவில்லை. டயர் தேயும்வரை காத்திருக்காமல் ஆர்மை அப்போதே இறக்கிப் பாருங்கள்.